நியூ ஆர்லியன்ஸ் சேவியர் பல்கலைக்கழகம்

அமெரிக்காவில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் பல உள; கறுப்பின மக்களுக்கென எழுந்தது ஒன்றே. அது லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸ் நகரிலுள்ள சேவியர் பல்கலைக்கழகம். பிலடெல்பியா வங்கிச் செல்வரின் மகளான காதரின் டிரெக்சல் என்னும் கன்னியர், தந்தை விட்டுச்சென்ற செல்வத்தைக் கொண்டு 1915இல் அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கினார். 1925இல் அது கல்லூரியாயிற்று. எனினும், அவ்வம்மையார் நிறுவிய துறவியர் சபை கறுப்பினப் பெண்களை நெடுங்காலம் தன்னுள் சேர்க்கவில்லை என்பதை மறைத்தல் தகாது. பொருளை அள்ளிக் கொடுத்த கை, பக்கத்தில் அமர இடம் கொடுக்கவில்லை!

அமரும் உரிமையை மாணவரே கேட்டனர். 1960 செப்டம்பரில் சேவியர் மாணவர் ரூடால்ஃப் லொம்பார்ட், பிற கல்லூரித் தோழர் மூவருடன், வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட சிற்றுண்டி மேடையில் அமர்ந்து கைதானார். மூவருள் ஒருவர் வெள்ளையர். 1963இல் உச்ச நீதிமன்றம் அவர்தம் தண்டனையை நீக்கிற்று. தேநீர்க் கடையில் தனிக்குவளை கண்ட நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

நிறவேற்றுமையின்றிப் பேருந்தில் ஒன்றாய்ச் சென்றமைக்காக 1961 மே மாதம் அலபாமாவில் தாக்குண்ட விடுதலைப் பயணிகள் நியூ ஆர்லியன்சுக்கு வந்தபோது, அவர்களுக்குச் சேவியர் மாணவர் விடுதியில் இடமளித்தவர் நார்மன் பிரான்சிஸ். இவர் முடிதிருத்தும் தொழிலாளியின் மகன். அக்கல்லூரியிலேயே பயின்று பட்டம் பெற்றவர். 1968இல் இவரே பல்கலைக்கழகத் தலைவரானார். அதுவரை கன்னியர் வகித்த அப்பொறுப்பை ஏற்ற முதற் கறுப்பினத்தவர் இவரே. 2015 வரை 47 ஆண்டுகள் பணியாற்றினார். கறுப்பின மருத்துவர் பலரை உருவாக்கும் நிலையமாகச் சேவியர் புகழுற்றது இவர் காலத்திலேதான். 2005இல் கத்ரீனா புயல்வெள்ளம் வளாகத்தை மூழ்கடித்தது. 2006 சனவரியில் வகுப்புகள் மீண்டும் தொடங்கின. மாணவருள் பெரும்பாலோர் திரும்பி வந்தனர்.