மலைக்கு அந்தப் பக்கம்



அடி அண்ணாமலை கோயிலுக்குள் போயிருக்கிறீர்களா? பௌர்ணமிதோறும் அதைத் தாண்டித்தான் நடக்கிறோம். நான் வங்கியில் இருந்தபோது அந்த ஊர்ப் பெயரை எத்தனையோ பாஸ்புக்கில் எழுதியிருக்கிறேன். ஒருநாளும் அங்கே நின்றதில்லை.

யோசித்தால் காரணம் பழையது. பெரிய கோயில் மலையின் கிழக்கு அடிவாரத்தில், கிழக்கு பார்த்து நிற்கிறது. கிருஷ்ணதேவராயர் தொடங்கிய 217 அடி ராஜகோபுரமும் கிழக்கில்தான். அதையொட்டியே தேரடி வீதி, கடைகள், பிறகு ரயில் நிலையம். 1989-இல் மாவட்டம் பிரிந்தபின் வந்த கலெக்டர் ஆபீஸும் இந்தப் பக்கம், வேங்கிக்காலில். மேற்கே போக நமக்கு வேலையே வரவில்லை. கிரிவலம் 14 கிலோமீட்டர் சுற்றிக் காட்டுகிறது, வாஸ்தவம்; ஆனால் இருட்டில், கூட்டத்தில், கால்வலியோடு. எதைப் பார்ப்பது?

போன மாதம் பகலில் ஆட்டோ பிடித்துப் போனேன். கோயில் அமைதியாக இருந்தது. பக்கத்தில் மாணிக்கவாசகர் கோயில். அவர் திருவெம்பாவை பாடியது இங்கே என்பார்கள். அண்ணாந்து பார்த்தால் மலை நம் மொட்டைமாடியில் தெரிகிற மலையே இல்லை, வேறு உருவம்.

வெளியே பூ விற்ற அம்மா கேட்டார்: "எந்த ஊருங்கய்யா?"

திருவண்ணாமலை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.