அளக்கப்பட்ட மறதி

உளவியல் கற்றவர் என்று ஒருவரை நம் அவையில் அறிமுகம் செய்தால், சிலர் "என் மனத்தில் இப்போது ஓடுவது யாது, சொல்லுங்கள்" என்பர். கவிஞர்களோ, "மனத்தை யாரால் அளக்க இயலும்?" என்று புன்முறுவல் பூப்பர். முன்னவர் உளவியலைக் குறிசொல்லும் கலையாக்குகின்றனர்; பின்னவர் அதனை அறிவியலே அன்று என்கின்றனர்.

பின்னவர்க்குப் பெருந்துணை ஒன்று உண்டு. செருமானிய மெய்யியலார் காண்ட், அகநிகழ்வுகளுக்குக் கணிதம் பொருந்தாது, ஆதலின் உளவியல் முறையான இயற்கை அறிவியல் ஆகாது என 1786-இல் எழுதினார். அதற்கு நூறாண்டு நிறைவதற்குள், 1885-இல், எர்மன் எபிங்கவுசு நினைவாற்றல் பற்றிய தம் நூலை வெளியிட்டார்.

1879-இல் லைப்சிக் நகரில் வுண்ட் நிறுவிய ஆய்வகத்தையே பாடநூல்கள் முதலில் கூறும். எனினும் என்னை ஈர்த்தது எபிங்கவுசின் தனியுழைப்பே. ஆய்வுக்கு உட்பட்டவரும் அவர் ஒருவரே. பொருளற்ற அசைகள் ஏறத்தாழ 2300 உருவாக்கி, வரிசை வரிசையாக மனனம் செய்தார். இடைவெளி விட்டு மீண்டும் மனனம் செய்து, மறுமுறை எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது எனக் கணக்கிட்டார். 20 நிமிடம் கழித்து 58 விழுக்காடு. ஒரு மணி நேரம் கழித்து 44. ஒரு நாளில் 34. ஒரு திங்கள் சென்றும் 21. மறதி முதலில் விரைந்து, பின்னர் நடை தளர்கிறது.

கவிஞர்கள் கருதத்தக்க செய்தி இனித்தான் வருகிறது. பைரனின் 'டான் சுவான்' செய்யுட்களையும் அவர் மனனம் செய்து பார்த்தார். பொருளற்ற அசைகளுக்கு ஆன உழைப்பில் பத்தில் ஒரு பங்கே போதுமாயிற்று! பொருளும் ஓசையும் இயைபும் கூடி நினைவைத் தாங்குவதை நாம் செவிவழி அறிவோம். அவர் அதற்கு ஓர் அளவு கண்டார்.

2015-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் அம்முறையையே பின்பற்றினர். அவருள் ஒருவர் மனனம் செய்தார். ஏறத்தாழ அதே வளைகோடு கிடைத்தது. குறிசொல்வோர் எவரும் இத்தகைய மறுசோதனைக்கு உடன்படார்.

நம் தமிழாய்வுகளிலோ 'உளவியல் நோக்கு' என்றாலே பிராய்டு ஒருவர்தாம். 1930-இல் பிராங்க்பர்ட் நகரம் அவருக்குக் கதே பரிசு வழங்கியது. அவர்தம் உரைநடைக்கு அது தகும். ஆயின் எழுத்தின் கவர்ச்சி கருதுகோளுக்குச் சான்றாகாது. என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஓர் இயல் முழுவதும் தலைவியின் கனவுக்கு அவர் வழியில் பொருள் உரைத்திருந்தேன். எச்சான்று கிடைப்பின் அவ்விளக்கம் தவறாகும் என்று தேர்வாளர் வினவவில்லை. நானும் எண்ணிப் பார்க்கவில்லை. ஆய்வேட்டை நூலாக்கியபோது அவ்வியலை விடுத்தேன்.