மடைநூலும் பதிவுச் சான்றும்: ஓய்மாநாட்டு அடுக்களைகள் பற்றிய ஓர் ஆய்வு

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டு நல்லியக்கோடன்மீது நல்லூர் நத்தத்தனார் பாடியது. அவ்வள்ளலுக்குரிய கிடங்கில், இக்காலத்துத் திண்டிவனம் நகரின் ஒரு பகுதியாக உள்ளது. அவன்பாற் பரிசில் பெறச் செல்லும் பாணன், இடைவழியில் மூன்று ஊர்களில் விருந்துண்டு, பின் அரண்மனையில் உண்கின்றான். விருந்தோம்பற் பண்புக்கு எடுத்துக்காட்டாக இப்பகுதியைப் பலரும் எடுத்தாண்டுள்ளனர். நாம் ஈண்டு வேறொரு வினாவோடு இதனை அணுகுவோம். உண்பவன் தனக்குச் சமைத்தவர் யாரென்று அறிந்திருந்தானா? அறியாதவிடத்து அவ்வுணவை எதனை நம்பி உண்டான்?

எயிற்பட்டினத்தில், நுளையர் மகள் வடித்த தேறலும், சுட்ட குழல்மீனும் அவனுக்குக் கிடைக்கின்றன. வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும் கிடைக்கின்றன. ஆமூரில் உழவர் குடிப் பெண், பூண் தேய்ந்த உலக்கையாற் குற்றிய அரிசியின் வெண்சோற்றை நண்டுக் கலவையோடு அளிக்கச் செய்கின்றாள். இம்மூன்றிடத்தும் உணவோடு அதனை ஆக்கிய கையும் புலவர் கண்ணுக்குத் தெரிகின்றது. வடித்தவள் இன்னாள், அட்டவர் இன்னார் என்று சொல்லாமல் அவர் உணவைச் சொல்லவில்லை.

அரண்மனைக்கு வந்தவுடன் நிலைமை மாறுகின்றது. அங்கே சமைத்தவர் பெயரும் இல்லை, குலமும் இல்லை. அதற்கு மாறாக ஒரு நூல் பேசப்படுகின்றது. அருச்சுனனுக்கு முன்னோனாகிய வீமன் இயற்றிய சமையல் நூலின் நெறியிலிருந்து வழுவாத பலவகை அடிசில் எனப் புலவர் அதனைச் சிறப்பிக்கின்றார். அதனை அரசன் பொற்கலத்தில் இட்டு, தானே அருகில் நின்று உண்பிக்கின்றான். சமைப்பவரைக் காணமுடியாத அடுக்களையில், காணாத கைக்கு ஈடாக எழுதிய நெறி ஒன்றும், அருகில் நிற்கும் பொறுப்பாளன் ஒருவனும் வந்து நிற்பதை இங்குக் காண்கின்றோம். உணவு விடுதிகளை ஆளும் இக்காலச் சட்டங்கள் கேட்பனவும் பெரும்பாலும் இவ்விரண்டே. புலவர் சட்டம் எழுதினார் என்று நாம் வலிந்துரைக்கவில்லை. அவர் எழுதியது அரசனின் பெருமை. ஆயினும் அப்பெருமையை நாட்ட அவர் தேர்ந்துகொண்ட சான்று இது என்பது எண்ணத்தக்கது.

மடைநூல் என்னும் சொல் மணிமேகலையிலும் வருகின்றது. ஆங்கு அது கணிகையர் பயிலும் கலைகளுள் ஒன்று. ஆகவே அதனைச் சுவை பற்றிய நூலாகக் கொள்வதே பொருந்தும். தூய்மை பற்றிய விதிகளும் அதனுள் அடங்கியிருக்கலாம் என்று ஊகிக்க நமக்கு ஆதாரம் இல்லை.

சங்க காலத்தை விட்டுக் கோயில்களின் காலத்துக்கு வருவோம். விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில், பம்பையாற்றங்கரையில் அமைந்த திருவாமாத்தூர், மூவர் பாடலும் பெற்ற நடுநாட்டுத் தலம். இரட்டையர் பாடிய கலம்பகம் ஒன்றும் இவ்வூருக்கு உண்டு. இத்தகைய பெருங்கோயில்களில் மடைப்பள்ளி ஒரு தனி நிறுவனமாகவே இயங்கியது. திருவமுது, கறியமுது, நெய்யமுது, தயிரமுது எனக் கல்வெட்டுகள் பகுத்துக் கூறும் முறை தமிழ் பயின்றார் அனைவரும் அறிந்ததே. இதே விழுப்புர மாவட்டத்து எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்லூரி ஒன்றில் 340 மாணவர் பயின்றனர். அவர்க்கு நாள்தோறும் அளக்க வேண்டிய நெல்லின் அளவு கல்லிலேயே வெட்டப்பட்டுள்ளது. இத்துணைப் பேருக்கு ஒருங்கே சமைக்கும் இடத்தில் அடுவோரை உண்போர் அறிந்திருத்தல் அரிது.

ஆனால் கல்வெட்டு காத்தது அளவை. நாழியும் உழக்கும் குறையாமையே அதன் கவலை. அடுவோரின் தூய்மையைக் காத்தது ஆசாரம். நீராடி, ஈர ஆடையுடன் அடுக்களை புகுதல், பிறர் பார்வை படாது மூடிவைத்தல், எச்சில் விலக்கல் ஆகிய ஒழுக்கங்களால் உடல்நலம் பேணப்பட்டதும் உண்மை. அதனை மறுப்பது நேர்மையாகாது. எனினும் அவ்வொழுக்கத்துக்குள் பிறப்பு என்னும் அளவுகோலும் சேர்ந்தே புகுந்தது. கழுவிய கை என்பதற்கும் இன்ன குலத்துக் கை என்பதற்கும் வேறுபாடு இல்லாதவாறு இரண்டும் ஒன்றாகப் பிணைந்தன.

இப்பிணைப்பு எங்கே வெளிப்படையாயிற்று என்றால், உணவு விலைக்கு விற்கப்பெற்ற இருபதாம் நூற்றாண்டு நகரங்களில்தான். இரயில் வண்டியும் நீதிமன்றமும் அலுவலகமும் மக்களை ஊர்விட்டு ஊர் செலுத்தின. முன்பின் அறியாதவர் சமைத்ததை, முன்பின் அறியாதவர் அருகில் அமர்ந்து உண்ணும் தேவை எழுந்தது. அத்தேவைக்கு விடையாக வாயிலில் தொங்கியதே 'பிராமணாள்' என்ற பலகை. அது வெறும் செருக்கின் அடையாளம் அன்று. சட்டச் சான்றிதழ் இல்லாத காலத்தில், 'அடுக்களையில் இருப்பவர் இவர்' என்று வாடிக்கையாளருக்கு அறிவித்த சான்றிதழாகவே அது பயன்பட்டது. அதனாலேயே அது பொல்லாததும் ஆயிற்று. தூய்மையைப் பிறப்பாற் சான்றளிக்கும் எந்தப் பலகையும், ஏனையோர் கைகளைத் தூய்மையற்றவை என்று சொல்லாமற் சொல்லிவிடுகின்றது. 1957ஆம் ஆண்டில் பெரியார் ஈ.வெ.ரா. தலைமையில் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவு விடுதியின் முன் நடந்த மறியலும், அதில் தொண்டர் பலர் சிறை சென்றதும் இப்பொருளின் வரலாற்றில் இடம்பெற வேண்டியவை. அரசியல் வரலாற்று நூல்களோடு அவற்றை நிறுத்திவிடுவது முறையன்று.

பலகையின் இடத்தைச் சட்டம் எவ்வாறு பிடித்தது என்பதை இனிக் காண்போம்.

சட்டம் முதலில் ஆளைப் பார்க்கவில்லை, பொருளையே பார்த்தது. தானியத்திலும் நெய்யிலும் உப்பிலும் போலியைக் கலப்பவனுக்குப் பன்னிரண்டு பணம் தண்டம் விதித்த கௌடலியம் தொட்டு இதுவே வழி. இங்கிலாந்தில் 1860, 1875 ஆகிய ஆண்டுகளில் எழுந்த சட்டங்களும் கலப்படத்தையே பகையாகக் கொண்டன. அவற்றின் வழியில் சென்னை மாகாணத்தில் 1918ஆம் ஆண்டு கலப்படத் தடைச் சட்டம் வந்தது. விடுதலைக்குப் பின் இந்தியா முழுமைக்கும் பொதுவான உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954இல் இயற்றப்பெற்று, 1955 சூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. உணவு ஆய்வாளர் மாதிரி எடுப்பார். அது மூன்று பங்காக்கி முத்திரையிடப்படும். ஒரு பங்கு பொதுப் பகுப்பாய்வாளரிடம் செல்லும். பாலில் நீர் கலந்தோரும், மிளகில் பப்பாளி விதை கலந்தோரும் இம்முறையில் சிக்கினர். (ஆவினங்கள் வழிபட்டதால் ஆமாத்தூர் எனப் பெயர்பெற்ற ஊரைச் சுற்றிலும் பால்மானிக்குப் பல்லாண்டுகள் வேலை இருந்திருக்கும் என்று கருதுவதில் தவறில்லை.) ஆனால் உணவு விடுதிக்கு இம்முறை பொருந்தவில்லை. சாம்பாரின் மாதிரியைப் பகுத்தாய்ந்து அறிக்கை வருமுன், அச்சாம்பார் முழுவதும் உண்ணப்பட்டிருக்கும். மேலும், கலப்படமே இல்லாத தூய பொருளும் கெட்ட கையாற் கேடாகலாம்.

இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியவர் நியூயார்க்கு நகரத்துச் சமையற்காரி மேரி மாலன். அயர்லாந்திலிருந்து குடியேறிய அவர், நோயின் அறிகுறி எதுவுமின்றியே குடற்காய்ச்சல் கிருமியை உடலில் தாங்கியிருந்தார் என்பது 1907இல் கண்டறியப்பெற்றது. 1910இல், இனிச் சமையல் வேலை செய்வதில்லை என்ற உறுதிமொழியின்பேரில் விடுவிக்கப்பட்டார். 1915இல் வேறு பெயரில் ஒரு மருத்துவமனை அடுக்களையில் பணியாற்றுகையில் மீண்டும் நோய் பரவவே, 1938இல் இறக்கும்வரை தீவொன்றில் தனித்து வைக்கப்பட்டார். அவரைக் கொடியவராகச் சித்திரித்தல் எளிது. வேறு தொழில் அறியாத, தாம் நோயாளர் என்பதை இறுதிவரை நம்பாத ஓர் ஏழை உழைப்பாளி அவர் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். கண்ணுக்கு நலமாகத் தோன்றும் கையும் நோய் தரும் என்பதே அவர் வாழ்வு காட்டிய செய்தி. ஆமூரிலும் வேலூரிலும் பாணன் நம்பிய முகநம்பிக்கை இவ்விடத்தில் உதவாது. பிறப்பைச் சொன்ன பலகையும் உதவாது.

நம் நாட்டில் இவ்வுணர்வு சட்டவடிவம் பெற்றது 1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில். தொற்றுநோயுற்றவர் உணவுப்பண்டம் ஆக்குதலும், கொண்டுசெல்லுதலும், விற்றலும் ஆகா என்று அது விதித்தது. இன்ன குலத்தார் ஆகார் என்று அது கூறவில்லை, இன்ன நோயுடையார் ஆகார் என்றே கூறிற்று. கை யாருடையது என்ற பழைய வினாவை, கை எவ்வாறுள்ளது என்று மாற்றியமைத்த இச்சட்டத்துக்கு நம் சமுதாய வரலாற்றாசிரியர் தரும் இடம் போதாது என்பது நம் கருத்து.

அடுத்த பெரிய மாற்றம் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தால் வந்தது. 2011 ஆகஸ்டு 5ஆம் நாள் இது நடைமுறைக்கு வந்தபோது 1954ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கிற்று. அவ்வாண்டு விதிகள், பன்னிரண்டு இலட்சம் உரூபாய்வரை ஆண்டு விற்பனை உள்ள சிறுகடைகளுக்குப் பதிவும், அதற்கு மேற்பட்டோர்க்கு உரிமமும் வேண்டும் என வகுத்தன. நான்காம் அட்டவணை அடுக்களைக்குள் புகுந்தது. உணவைக் கையாள்வோர் ஆண்டுக்கொரு முறை மருத்துவச் சோதனை செய்துகொள்ளல், குடற்காய்ச்சல் வகை நோய்களுக்குத் தடுப்பூசி பெறல், பச்சை இறைச்சியையும் சமைத்ததையும் வேறாக வைத்தல், புண்பட்ட கையால் உணவைத் தொடாமை எனப் பலவற்றை அது பேசுகின்றது. 2017இல் பயிற்சித் திட்டம் ஒன்றும் தொடங்கப்பெற்றது. உரிமம் பெற்ற நிறுவனங்களில் இருபத்தைந்து பணியாளர்க்கு ஒருவரேனும் பயிற்சியும் சான்றும் பெற்ற மேற்பார்வையாளராக இருத்தல் வேண்டும் என்பது அதன் வழி வந்த ஏற்பாடு. நல்லியக்கோடன் அரண்மனையில் நூலும் அருகில் நின்ற தலைவனும் செய்த பணி, இங்கே அட்டவணைக்கும் மேற்பார்வையாளர்க்கும் பகிர்ந்தளிக்கப்பட்டிருக்கின்றது.

இச்சட்டத்தில் தமிழ்நாட்டுக்குத் தனிப்பொருள் உடைய தொடர் ஒன்று உண்டு. உணவுத் தொழில் என்பதற்கு இலக்கணம் கூறுமிடத்து, இலாபம் கருதியதாயினும் ஆகாததாயினும் எனச் சட்டம் சேர்த்துச் சொல்கின்றது. சமயக் கூட்டங்களிலும் சமூகக் கூட்டங்களிலும் உணவு வழங்குவோரையும் 2011ஆம் ஆண்டு விதிகள் பதிவுக்குரியோராகக் குறிக்கின்றன. எனவே கோயில் அன்னதானமும் பந்தற் சோறும் சட்டத்தின் பார்வைக்குள் வந்துவிட்டன. அறத்தைச் சட்டம் அளப்பதா என்று சிலர் வருந்துவர். நாம் வருந்தவில்லை. திருவிழாவில் வரிசையில் நின்று உண்பவன் விலை கொடுத்து உண்பவனைவிடத் தாழ்ந்த பாதுகாப்புக்கு உரியவன் அல்லன். உண்மையில், விலை கொடுத்தவன் குறை சொல்லுவான். தானம் பெற்றவன் சொல்லத் தயங்குவான்.

கைகாணா உணவின் கொடுமையை இந்நிலப்பகுதியே அண்மையில் கண்டது. எயிற்பட்டினத்தை மரக்காணத்தை ஒட்டிய கடற்கரையில் வைத்துக் காண்பர் ஆராய்ச்சியாளர். நுளையர் மகள் தன் கையால் வடித்த தேறலைப் பாணன் பருகிய அக்கரையில், 2023 மே மாதம், மெதனால் கலந்த சாராயத்தை எக்கியார்குப்பத்தில் அருந்தியோருள் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அச்சரக்கு எங்கே உருவாகி யார் யார் கைமாறி வந்தது என்பதை அருந்தியோர் அறியார். அது உரிமத்துக்குட்பட்ட தொழில் அன்று, வெறுங்குற்றம். ஆயினும் நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இதனினும் கொடிய விடை இல்லை. பொருளைத் தடுக்கும் பழைய வழியும் அரசினரால் கைவிடப்படவில்லை. நச்சுச் சாயம் கண்ட பஞ்சுமிட்டாய் 2024இலும், பச்சை முட்டையால் ஆகும் மயோனைசு 2025இல் ஓராண்டுக்கும் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டன.

2022ஆம் ஆண்டில் கல்வெட்டுப் பணியாகத் திருவாமாத்தூர் சென்றிருந்தோம். அங்கு வட்டப்பாறை என்னும் சத்தியத் தலம் உண்டு. அதன்முன் பொய்யாணை இட்டாரைத் தெய்வம் ஒறுக்கும் என்பது நெடுங்கால நம்பிக்கை. தானியத்தில் கலப்பில்லை என்றோ, அளவில் குறைவில்லை என்றோ சான்று கூற வேண்டின், முன்னாளில் அப்பாறையன்றி வேறு அலுவலகம் ஏது? அதனைக் கண்டு திரும்பும் வழியில், தாமே சமைத்துத் தாமே பரிமாறும் ஓர் அம்மையாரின் இட்டிலிக் கடையில் உண்டோம். அடுப்பு நம் கண்ணெதிரே இருந்தது. இது ஆமூர் வழிப்பட்ட கடையே என்று உடன்வந்த மாணவரிடம் கூறினோம். சுவரில் முருகன் படத்துக்கருகே பதிவுச் சான்று கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டப்பட்டிருந்தது. அதன் நான்கு மூலையிலும் மஞ்சளும் குங்குமமும் இருந்தன. எழுத்து முழுவதும் ஆங்கிலம்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது, அம்மா?" என்றோம்.

"படிக்கத் தெரியாதுங்க ஐயா. கை கழுவணும், தண்ணி கொதிக்க வைக்கணும், காய்ச்சல் வந்தா கடை போடக்கூடாதுன்னு வந்தவங்க வாயால சொல்லிட்டுப் போனாங்க. அது நெனப்பிருக்கு" என்றார்.

பின்னர்ச் சான்றின் அடியில் விரலை வைத்தார். அதில் அவர் படிக்க வல்லவை எண்கள் மட்டுமே. அடுத்த மாதத்தோடு அது முடிகின்றதென்றும், புதுப்பிக்க விழுப்புரம் செல்ல வேண்டுமென்றும், அன்றைக்கு மட்டும் கடை இராதென்றும் கூறிவிட்டு, அடுத்த ஈட்டை இறக்கச் சென்றார்.