பண்ணையும் குத்தகையும்

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் சிறுவர் முதலில் அறிந்துகொள்ளும் சொற்களுள் ‘ஃபார்ம்’ என்பது ஒன்று. வயல், தொழுவம், மாடு, கோழி இவற்றைப் படத்தில் காட்டி, ‘பண்ணை’ என்று ஆசிரியர் பொருள் கூறுவார். ‘ஃபார்மர்’ என்றால் உழவர் என்பார். இதில் பிழை ஏதும் இல்லை. ஆயினும், இப்பொருள் ஒன்றையே துணையாகக் கொண்டு நம் நாட்டுப் பழைய ஆவணங்களைப் படிக்கப் புகும் மாணவர் வழி தவறிவிடுவர். ‘சாராய ஃபார்ம்’ என்று அவற்றில் வரும். சாராயம் எந்தப் பண்ணையில் விளைகிறது? ‘புகையிலை ஃபார்ம்’ என்று வரும். அங்கே புகையிலைத் தோட்டம் ஒன்றும் இராது. ஆகவே இச்சொல்லின் வரலாற்றைச் சற்று ஆராய்வோம்.

‘உறுதியானது’ என்னும் பொருளுடைய ‘ஃபிர்முஸ்’ என்ற இலத்தீன் சொல்லே இதற்கு மூலம். அதிலிருந்து இடைக்கால இலத்தீனில் ‘ஃபிர்மா’ என்ற சொல் தோன்றியது. ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய, கூடாமலும் குறையாமலும் உறுதி செய்யப்பட்ட தொகை என்பது அதன் பொருள். பிரெஞ்சு மொழி வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. உணவைக் குறித்த ‘ஃபியோர்ம்’ என்னும் பழைய ஆங்கிலச் சொல்லும் அதனோடு கலந்திருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. முதலில் தொகையைக் குறித்த சொல், பின்னர் அத்தொகைக்கு நிலத்தை விடும் ஏற்பாட்டைக் குறித்தது. அதன்பின் அவ்வாறு விடப்பட்ட நிலத்தையே குறித்தது. இறுதியில் பயிரிடும் நிலம் அனைத்தையும் குறிக்கலாயிற்று. வணிக நிறுவனத்தைக் குறிக்கும் ‘ஃபர்ம்’ என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்ததாகும்.

அரசுக்கு ஒரு தொகையை முன்னரே ஒப்புக்கொண்டு, மக்களிடம் வரி வசூலிக்கும் உரிமையைப் பெற்றவனுக்கும் அந்நாளில் ‘ஃபார்மர்’ என்றே பெயர். அவன் ஏரைத் தொட்டவனாக இருக்க வேண்டுவதில்லை. பிரெஞ்சு நாட்டில் அத்தகையோர் பெரிய சங்கமாகவே இயங்கி, உப்பு, புகையிலை முதலியவற்றின்மீது வரி தண்டினர். வேதியியலில் நீங்கள் படிக்கும் லவாய்சியர் அச்சங்கத்தில் பங்குடையவராக இருந்தார். புரட்சிக் காலத்தில், 1794 மே 8 அன்று அவர் தலை வெட்டப்பட்டதற்கு அப்பங்கே காரணமாயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி, சென்னையைச் சூழ்ந்த செங்கற்பட்டுச் சீமையை 1763ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பினியாருக்கு ஜாகீராக அளித்தார். பூவிருந்தவல்லியும் அதனை அடுத்த நாடும் அதனுள் அடங்கும். கும்பினியார் அச்சீமையை நவாபுக்கே திரும்பவும் குத்தகைக்கு விட்டனர். 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பு நிகழும் வரையில் இந்த ஏற்பாடு நீடித்தது. அக்கால வழக்கின்படி நவாபே அந்தச் சீமையின் ‘ஃபார்மர்’! அச்சொல்லுக்கு ‘உழவர்’ என்று பொருள் எழுதுவோமாயின், நவாபை நாற்றங்காலில் நிறுத்திவிடுவோம்.

இது நகைப்போடு முடிந்துவிடும் செய்தி அன்று. ஏரிப்பாசனத்தை நம்பிய எங்கள் கோவில்பதாகை போன்ற ஊர்களில் விளைச்சல் மழையைப் பொறுத்தது. தொண்டை நாட்டின் பழைய முறை வாரமுறை. களத்தில் குவிந்த நெல்லில் அரசின் பங்கு மேல்வாரம். குடிகளின் பங்கு குடிவாரம். ஏரி நிரம்பினால் இரு பங்கும் பெருகும். ஏரி வறண்டால் இரு பங்கும் குறையும். குத்தகைதாரனோ உறுதியான தொகைக்குக் கட்டுப்பட்டவன். மழை பெய்தாலும் பொய்த்தாலும் அவன் கும்பினிக்குச் செலுத்த வேண்டிய பணம் குறையாது. அவன் குத்தகை சில ஆண்டுகளுக்கே உரியது. ஆதலால் ஏரிக்கரையைச் செப்பனிடுவதில் அவனுக்கு நாட்டம் இராது. கையிலுள்ள ஆண்டில் தண்டக்கூடியதைத் தண்டிக்கொள்வதே அவனுக்கு ஆதாயம். ‘உறுதி’ என்னும் அச்சொல்லின் வேர்ப்பொருள் அரசுக்கு வருவாயை உறுதியாக்கிற்று. உழவனுக்கோ வாழ்வின் உறுதியைக் குலைத்தது. வரி தண்டியவனும் வரி கொடுத்தவனும் ஒரே சொல்லால் குறிக்கப்படும்போது, துன்புற்றவன் யார் என்பதே நமக்குப் புலப்படாமற் போகிறது.

சொற்பொருளை ஆராய்ந்தறிவது ஆட்சிக்கும் இன்றியமையாதது என்பதை அறிந்த அலுவலரும் இருந்தனர். சென்னைக் கலெக்டராக விளங்கிய எல்லிஸ், மிராசு உரிமையைப் பற்றி அரசு கேட்ட பதினேழு வினாக்களுக்கு எழுதிய விடைகள் 1818இல் அச்சேறின. மிராசு என்பது தமிழர் வழங்கிய காணியாட்சியே என்று கொண்டு, அதன் இயல்பை அவர் விரிவாக எடுத்துரைத்தார்.

‘பண்ணை’ என்னும் நம் சொல்லையும் நோக்குவோம். தஞ்சைத் தரணியில் நிலமுடையவர் தம் ஆட்களைக் கொண்டு தாமே பயிர் செய்வித்தது பண்ணை. பிறரிடம் பங்குக்கு விட்டது வாரம். குறித்த அளவுக்கு விட்டது குத்தகை. பண்ணையில் உழைத்தவர் பண்ணையாள். அவர்களைக் காக்க 1952இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. ஆகவே, குத்தகையில் பிறந்த ஆங்கிலச் சொல்லுக்கு, குத்தகைக்கு மாறான தமிழ்ச் சொல்லை நாம் ஈடாக வழங்கிவருகிறோம். இன்றைய வழக்குக்கு அது பொருந்தும். பழைய ஆவணத்துக்குப் பொருந்தாது.

சொல்லின் பயணம் இன்னும் நிற்கவில்லை. முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாக நிற்கும் நிலப்பரப்பையும் ஆங்கிலத்தில் ‘ஃபார்ம்’ என்கிறார்கள். அங்கே அறுவடையாவது மின்சாரம். ஒரு வேலையைப் பிறரிடம் ஒப்படைப்பதற்கும் அதையே வினைச்சொல்லாக வழங்குகிறார்கள். பழைய குத்தகைப் பொருள் அதில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

மாணவச் செல்வர்களே, ‘உழவர்’ என்ற நம் சொல் உழைப்பிலிருந்து பிறந்தது. ‘ஃபார்மர்’ என்ற சொல் கட்டணத்திலிருந்து பிறந்தது. பழைய ஏடு ஒன்றில் இச்சொல்லைக் கண்டால், அகராதியின் முதற்பொருளோடு நின்றுவிடாதீர்கள். அது எழுதப்பட்ட ஆண்டு எது, அங்கே பணம் யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்ற இரண்டையும் கேளுங்கள். அவ்விடைகளைக் கொண்டு சொல்லின் பொருளைத் துணியுங்கள்.