நாலு சக்கரமும் சுத்தினா வெள்ளத்தைத் தாண்டிடலாமா?

எங்க தெருக்கார அண்ணன் ஒருத்தர் மூணு மாசமா பழைய ஹைப்ரிட் எஸ்யூவி தேடி அலையறார். தவளக்குப்பம் ஜங்ஷன் டீக்கடையில என்னைப் பார்த்தா போதும், ஒரே கேள்விதான். "தம்பி, ஆல் வீல் டிரைவ் இருக்கறதா பார்த்து எடுக்கவா, இல்ல சாதாரணமே போதுமா?" வாகன சரித்திரம்னு நான் எதையாவது படிச்சிக்கிட்டே இருக்கறதால நான் எக்ஸ்பர்ட்னு ஒரு நெனப்பு அவருக்கு. எனக்கு சொந்தமா இருக்கறது ஒரு ஸ்கூட்டர் :-)

ஆனா அவர் பந்தாவுக்குக் கேக்கலை. 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை. அதுக்கு முந்தி பேசப்பட்ட பெரிய மழை 2004 அக்டோபர் 31-ல பெஞ்ச 21 சென்டிமீட்டர்; அதுக்கு ரெண்டு மடங்குக்கும் மேல. அது வடியறதுக்குள்ள சாத்தனூர் அணையில இருந்து ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல திறந்துவிட, தென்பெண்ணை கரை மீறி பாகூர் பக்கத்து கிராமங்களுக்குள்ள வந்துடுச்சு. அண்ணனோட அம்மா அங்கதான் இருக்காங்க. இவர் சின்ன காரை எடுத்துக்கிட்டு கிளம்பி, பாதி வழியில தண்ணியைப் பார்த்துட்டு திரும்பி வந்தார். கடைசியில அம்மாவை வெளிய கொண்டு வந்தது ஊர்க்காரர் ஒருத்தரோட டிராக்டர். "அன்னிக்கு நாலு சக்கரமும் இழுக்கற வண்டி இருந்திருந்தா நானே போயிருப்பேன்" - இது அவர் மனசுல ஆணி அடிச்ச மாதிரி உக்காந்துடுச்சு.

சரி, இந்த நாலு சக்கர இழுவை எதுக்காகப் பொறந்தது? அங்க இருந்து வந்தாதான் அண்ணனுக்கு பதில் கிடைக்கும்.

ஹைப்ரிட்டும் நாலு சக்கர இழுவையும் இன்னிக்கு நேத்து சமாச்சாரம்னு நெனச்சா அது தப்பு. 1900-லயே ஃபெர்டினாண்ட் போர்ஷே (ஆமா, அதே போர்ஷே தான்) வியன்னாவுல லோனர் கம்பெனியில இருந்தப்போ சக்கரத்துக்குள்ளயே மின் மோட்டார் வெச்சு வண்டி செஞ்சார். ஒரு இங்கிலாந்துக்காரருக்காக நாலு சக்கரத்துக்கும் நாலு மோட்டார் போட்டு ஒண்ணு. பேட்டரி மட்டுமே 1.8 டன்! அதே காலத்துல பெட்ரோல் என்ஜினை வெச்சு மின்சாரம் தயாரிச்சு ஓடற வண்டியும் செஞ்சு பார்த்துட்டார். பெட்ரோல் கார்ல நாலு சக்கரத்தையும் சுத்த வெச்சது ஹாலந்துக்காரங்க. ஸ்பைக்கர் கம்பெனியோட 60 குதிரைசக்தி ரேஸ் கார், 1903.

ஆனா உலகத்துக்கு இதை சொல்லிக் கொடுத்தது ஜீப் தான். ரெண்டாம் உலகப்போர்ல வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல செஞ்சு தள்ளினாங்க. சேறு, மணல், பனி. எதிரி அது மூணும்தான். நம்ம ஊர்ல 1947-ல இருந்து மஹிந்திரா அந்த ஜீப்பை பூட்ட ஆரம்பிச்சாங்க. அப்புறம் ராணுவத்துக்கு ஜபல்பூர்ல இருந்து ஜோங்கா, 1985-ல மாருதி ஜிப்ஸி. போலீஸ், வனத்துறை, ராணுவம்னு இந்த வண்டிங்க போன இடமெல்லாம் ஒரு மரியாதை கூடவே போச்சு. இதுல ஒரு வேடிக்கை பாருங்க. ஜீப் மாதிரி இருக்கணும்னு ஆசைப்பட்டு ஜனங்க வாங்கின மார்ஷல், பொலேரோவுல பெரும்பாலானது பின் சக்கரம் மட்டும் இழுக்கற வண்டி. முகம் ஜீப், கால் அம்பாசடர்!

கார்ல இது வந்தது பனிக்காக. 1980-ல ஆடி குவாட்ரோ வந்து ராலி பந்தயங்கள்ல எல்லாரையும் ஓரம் கட்டினதும், 'நாலு சக்கரமும் இழுத்தா பத்திரம்'னு ஊர் உலகமெல்லாம் நம்ப ஆரம்பிச்சது. பாதி உண்மைதான். கிளம்பறப்போ, ஏறறப்போ வழுக்காது. ஆனா பிரேக் புடிக்கறதுக்கு இதனால ஒரு பிரயோஜனமும் கிடையாது. எந்தக் காரா இருந்தாலும் பிரேக் நாலு சக்கரத்துலயும்தான் இருக்கு.

இப்ப எனக்குப் புடிச்ச இடத்துக்கு வரேன். பாண்டிச்சேரிக்காரன் பிரெஞ்சுக்காரனை விட்டுட்டு எப்படி எழுதறது? 1960-ல சிட்ரோயன் '2சிவி சஹாரா'ன்னு ஒரு வண்டி விட்டான். பாலைவனத்துல ஓடணும், ஆனா நடுவுல நீளமா ஷாஃப்ட், பல்சக்கரம் எல்லாம் வெக்க இஷ்டமில்லை. என்ன பண்ணினான்? முன்னாடி ஒரு குட்டி என்ஜின், டிக்கியில இன்னொரு குட்டி என்ஜின். ஒவ்வொண்ணும் 425 சிசி. பெட்ரோல் டேங்க்கும் ரெண்டு. ஒண்ணு மக்கர் பண்ணினா இன்னொண்ணுல வீடு வந்து சேரலாம். மொத்தம் 694 தான் விக்குச்சு, பாவம். ஆனா யோசனை சாகலை. 2001-ல டொயோட்டா ஜப்பான்ல எஸ்டிமா ஹைப்ரிட்டை விட்டப்போ முன்னாடி என்ஜின், பின் சக்கரத்துக்குத் தனி மின் மோட்டார், நடுவுல ஷாஃப்ட்டே இல்லை. ஈ-ஃபோர்னு பேரு. 2005-ல லெக்சஸ் ஆர்எக்ஸ் 400எச்-லயும் இதேதான். 2011-ல பெஜோ 3008-ல முன்னாடி டீசல், பின்னாடி மோட்டார்னு பிரெஞ்சுக்காரங்களே திரும்பி வந்தாங்க.

இந்த மின் மோட்டார் முறையில எடை கம்மி, சிக்கனம் உண்டு. ஆனா பின் மோட்டார் சின்னது. வழுக்கற எடத்துல ஒரு தள்ளு தள்ளிவிடும், அவ்வளவுதான். கொளுக்குமலைக்கு சூரியநெல்லியில இருந்து ஏறற ஜீப்புல இருக்கற மாதிரி லோ கியர் இதுல கிடையாது. இன்னொரு தலைவலியும் உண்டு. 2019-க்கு அப்புறம் வந்த டொயோட்டா ராவ்4 ஹைப்ரிட்ல பின் மோட்டாருக்குப் போற உயர் அழுத்த கேபிளோட இணைப்பு, ரோட்டுல பனி உருக போடற உப்பால அரிச்சுப்போய், கனடாவுல பெரிய ரகளை ஆச்சு. கம்பெனி உத்தரவாதத்தை நீட்டிக்க வேண்டி வந்துச்சு. டொரான்டோ பக்கம் இருக்கற நம்மாளுங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நம்ம ஊர்ல ரோட்டுல உப்பு போடறதில்லை, காத்துலயே வருது. அதனால கடலோரம் ஓடின பழைய வண்டின்னா, அந்த இணைப்பை நிமிந்து பார்க்காம நான் காசு கொடுக்க மாட்டேன் (காசு இருந்தா!).

அண்ணன் பார்க்கறது லெக்சஸ் இல்லை. 2022-ல வந்த மாருதி கிராண்ட் விடாராவும் டொயோட்டா ஹைரைடரும். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, பழைய வண்டி தரகருங்க இதை சொல்லவே மாட்டாங்க. 'ஹைப்ரிட்'னு ஒரே பேர்ல ரெண்டு ஜாதி. நெசமாவே மின்சாரத்துல கொஞ்ச தூரம் ஓடற ஸ்ட்ராங் ஹைப்ரிட்ல முன் சக்கர இழுவை மட்டும்தான். ஆல் வீல் டிரைவ் கிடைக்கறது, சின்ன பேட்டரி வெச்சு என்ஜினுக்கு லேசா கை கொடுக்கற மைல்ட் ஹைப்ரிட்ல. அதுவும் ஈ-ஃபோர் மாதிரி இல்லை, பழையபடி நடுவுல ஷாஃப்ட் வெச்சதுதான். ஆக அவர் கேக்கற கேள்வியே வேற: ஹைப்ரிட் வேணுமா, நாலு சக்கரம் வேணுமா?

கம்பெனி கணக்குப்படி கிராண்ட் விடாரா ஸ்ட்ராங் ஹைப்ரிட் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். மைல்ட் ஹைப்ரிட் மேனுவல் 21.11. அதுவே ஆல் வீல் டிரைவ்னா 19.38. வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டினா, ஸ்ட்ராங் ஹைப்ரிட்டை விட நாலு சக்கரத்துக்கு 158 லிட்டர் பெட்ரோல் கூட வேணும். நெசத்துல ரெண்டுமே இதைவிட கம்மியாத்தான் கொடுக்கும், ஆனா இடைவெளி இருக்கத்தான் செய்யும். அதுபோக நாலு டயரும் ஒரே மாதிரி தேஞ்சிருக்கணும், ஒண்ணு பஞ்சரானா ஒண்ணை மட்டும் புதுசா மாத்த யோசிக்கணும், பின் டிஃபரென்ஷியல் ஆயில் பார்க்கணும். முதல் சொந்தக்காரர் இதையெல்லாம் பார்த்தாரான்னு யாருக்குத் தெரியும்?

இருந்தாலும் அம்மா விஷயம்னு வந்தா 158 லிட்டர் ஒரு பெரிய விஷயமா? இல்லைதான். அதனால நேரா வெள்ளத்துக்கே வருவோம். இடுப்பளவு தண்ணியில கார் நிக்கறது சக்கரம் வழுக்கறதால இல்லை. காத்து உறிஞ்சற குழாய்ல தண்ணி ஏறி என்ஜின் செத்துப்போறதால. அதுக்கு முன்னாடியே ஓடற தண்ணி வண்டியைத் தூக்க ஆரம்பிச்சுடும். தூக்கிட்டா ரெண்டு சக்கரம் சுத்தினா என்ன, நாலு சுத்தினா என்ன? ஹைப்ரிட்ல இன்னொரு ஆபத்து: தண்ணிக்குள்ள பேட்டரியில சத்தமில்லாம போயிட்டிருக்கும், திடீர்னு என்ஜின் தானா ஸ்டார்ட் ஆகும். டிராக்டர் அன்னிக்குப் போனது நாலு சக்கரத்தால இல்லை, பின் சக்கரம் ஆள் உயரம் இருந்ததால. கிருஷ்ணா நகர்ல ராணுவமே படகு போட்டுத்தானே ஆளுங்களை இறக்குச்சு?

மணல்? சுண்ணாம்பாறு முகத்துவாரத்துல கார் இறக்கணும்னு அண்ணனுக்கு ஆசை இல்லை. கடலூர் ரோடு, பாகூர், மாசம் ஒரு தடவை விழுப்புரம். வால்பாறையில எஸ்டேட் ரோட்டுல குடியிருந்தா நானே "கண்ணை மூடிக்கிட்டு எடுங்க"ன்னு சொல்லியிருப்பேன்.

நேத்து இதையெல்லாம் சொன்னப்போ அண்ணன் ரொம்ப நேரம் பேசலை. டீ ஆறிப்போச்சு. அப்புறம் கேட்டார், "அப்ப அன்னிக்கு நான் திரும்பி வந்தது தப்பில்லையா தம்பி?" தப்பில்லைண்ணே, போயிருந்தா டிராக்டருக்கு ரெண்டு நடை ஆயிருக்கும்னேன். சிரிச்சார்.

ஞாயித்துக்கெழமை அரியாங்குப்பத்துல ஒரு 2023 ஸ்ட்ராங் ஹைப்ரிட் பார்க்கப் போறோம். அது ஃபெஞ்சல்ல முங்கின வண்டியா இல்லையான்னு பார்க்கணும். சீட் பெல்ட்டை முழுசா இழுத்து சேத்துக்கறை இருக்கான்னு தேடணும், டிக்கிக்குள்ள பேட்டரி பக்கம் கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பார்க்கணும். டார்ச் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன். அடுத்த மழைக்கு முன்னாடி அம்மாவை தவளக்குப்பத்துக்கே கூட்டிட்டு வந்துடறதாவும் முடிவு பண்ணியிருக்கார். அவங்கதான் மாட்டை விட்டுட்டு வரமாட்டேன்னு அடம் புடிக்கறாங்களாம்.