மௌனம் கலைந்த வரலாறு

'கெடுத்தான்' என்பது பிறவினை. 'கெட்டாள்' என்பது தன்வினை. இலக்கண வகுப்பில் இவ்விரண்டையும் அருகருகே எழுதிக் காட்டுவது என் வழக்கம். ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை ஊராரின் வாய்க்கு வந்து சேர்வதற்குள், இந்தப் பிறவினை தன்வினையாக மாறிவிடுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். 'அவன் அவளைக் கெடுத்தான்' என்று தொடங்கிய செய்தி, 'அவள் கெட்டுப்போனவள்' என்று முடிகிறது. எழுவாயாக நின்றவன் வாக்கியத்தைவிட்டே வெளியேறிவிடுகிறான். எஞ்சி நிற்பவள் அவள் ஒருத்தியே.

பாலியல் வன்முறையைப் பற்றிப் பெண்கள் வாய்திறப்பதில்லை, ஆகவே சமூகத்தில் அதுபற்றி மௌனம் நிலவுகிறது என்பது பொதுவான கருத்து. வரலாற்றை ஊன்றிப் பார்த்தால் இக்கருத்து நிலைபெறாது. அவர்களுள் பலர் பேசினார்கள், அன்றைக்கே பேசினார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. கடந்த அரை நூற்றாண்டில் இந்திய மண்ணில் நிகழ்ந்த இரு நிகழ்வுகளைக் கொண்டு இதனை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். சொல்லையே தொழிலாகக் கொண்ட கவிஞர்கள் கூடும் நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலர் இதற்கு ஏற்ற இடம் என்று கருதுகிறேன்.

சொல்லின் சுமை

தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் களவியலை அடுத்துக் கற்பியல் வருகிறது. அங்கே கற்பு என்பது மணம் புரிந்து இல்லறம் நடத்தும் ஒழுகலாறு. தலைவனும் தலைவியும் சேர்ந்து வாழும் வாழ்க்கை. காலப்போக்கில் அச்சொல் பொருள் சுருங்கிப் பெண்ணின் உடலில் வைத்துக் காக்கப்படும் ஓர் உடைமையாயிற்று. உடைமை என்றானபின் அதனை இன்னொருவன் அழிக்கவும் முடியும் என்றாகிறது. 'கற்பழிப்பு' என்னும் தொடர் இந்த எண்ணத்தின் விளைவே. 'மானபங்கம்' என்பதும் இவ்வகையினதே. குற்றம் செய்தவனின் மானத்திற்குப் பங்கம் வந்ததாக அச்சொல்லை எவரும் வழங்கியதில்லை.

1992ஆம் ஆண்டில் நான் பள்ளிச் சிறுமி. நாளிதழில் இச்சொல்லைப் படித்து, பொருள் என்னவென்று என் தாயாரிடம் கேட்டேன். அவர் மறுமொழி கூறாமல் இதழை மடித்து வைத்தார். அவரைக் குறைகூறேன். ஒரு குழந்தைக்கு விளக்கிச் சொல்லத்தக்க சொல்லை அவருக்கு எவரும் தந்திருக்கவில்லை. பெண்ணிய இயக்கத்தாரும் எழுத்தாளர் சிலரும் 'பாலியல் வன்முறை', 'பாலியல் வல்லுறவு', 'வன்புணர்ச்சி' ஆகிய சொற்களைப் பரப்பியபின்னரே, பழி இழந்தவள்மீது ஏறாமல் செய்தவன்மீது ஏறத் தொடங்கியது.

தேசாய்கஞ்ச், 1972

மராட்டிய மாநிலத்தில் அன்று சந்திராபூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில், 1972 மார்ச் 26 இரவு, கூலி வேலை செய்துவந்த ஒரு பழங்குடிச் சிறுமி காவலரால் வன்முறைக்கு ஆளானாள். தமையன் கொடுத்த ஒரு புகார் தொடர்பாகவே அவள் அங்கு அழைத்துவரப்பட்டிருந்தாள். நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும், அங்கே கூடியிருந்தோரிடம் நடந்ததைச் சொன்னாள். அவள் மௌனம் காக்கவில்லை என்பதை ஈண்டுக் கருத்தில் கொள்ள வேண்டும்.

அவள் முன்பே உடலுறவுக்குப் பழகியவள் என்று காரணம் காட்டி, 1974இல் அமர்வு நீதிமன்றம் காவலர் இருவரையும் விடுவித்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு 1976இல் அத்தீர்ப்பை மாற்றியது. அச்சத்தால் பணிந்துபோவது வேறு, இசைவது வேறு என்று அது தெளிவுபடுத்தியது. பணிவுக்கும் இசைவுக்கும் இடையிலான இவ்வேறுபாடு மொழியறிந்தோர் எவருக்கும் விளங்கத்தக்கதே. ஆயினும் 1978 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், உடலில் காயம் இல்லை, எதிர்த்துப் போராடிய அடையாளம் இல்லை என்று கூறி, மீண்டும் இருவரையும் விடுவித்தது.

மறு ஆண்டு உபேந்திர பக்சி, வசுதா தாகம்வார், இரகுநாத் கேல்கர், லோத்திகா சர்க்கார் ஆகிய சட்டப் பேராசிரியர் நால்வர், இந்தியத் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினர். ஏழைச் சிறுமி ஒருத்தி காவல் நிலையத்துக்குள் அஞ்சி அடங்கியதை இசைவு என்று எவ்வாறு கொள்ளலாம் என்பதே அம்மடலின் சாரம். அம்மடல் நகரங்கள்தோறும் வாசிக்கப்பட்டது. 1980இல் பெண்கள் தெருவில் இறங்கினர். ஒரு மடல் ஓர் இயக்கமாக விரிந்தது.

அதன் பயனாக 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் இருக்கும் பெண் தான் இசையவில்லை என்று கூறினால், நீதிமன்றம் அதனை ஏற்றே வழக்கை அணுக வேண்டும் என்றாயிற்று. பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவது குற்றமாக்கப்பட்டது. மூடிய அறையில் விசாரணை நடத்த வழி செய்யப்பட்டது. ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைக் கிளறி அவள் சாட்சியத்தைக் குலைக்க இடமளித்த பிரிவு 2002ஆம் ஆண்டின் திருத்தத்தால் நீங்கியது. உடலால் எதிர்க்கவில்லை என்ற காரணத்தால் மட்டுமே இசைவு இருந்ததாகக் கொள்ளக் கூடாது என்பது சட்ட வாசகமாக எழுதப்பட்டது 2013இல். அச்சிறுமி தெருவில் நின்று சொன்ன சொல்லைச் சட்டம் உள்வாங்க 41 ஆண்டுகள் ஆயின. பெயர் மறைக்கும் காப்பு அவளுக்குக் கிட்டவில்லை. அவ்வழக்கு இன்றும் அவள் பெயராலேயே வழங்கிவருகிறது.

வாச்சாத்தி, 1992

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ளது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, கடத்தப்பட்ட சந்தன மரங்களைத் தேடுவதாகக் கூறி, வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் பெரும்படையாக அவ்வூருக்குள் நுழைந்தனர். மக்களை ஆலமரத்தடியில் கூட்டி அடித்தனர், வீடுகளைச் சூறையாடினர். பழங்குடிப் பெண்கள் பதினெண்மர் பாலியல் வன்முறைக்கு ஆளாயினர். பின்னர்க் குற்றவாளிகள் என்று சிறைக்கு அனுப்பப்பட்டவர்களும் அவ்வூர் மக்களே.

அரசுத் தரப்பு முதலில் அனைத்தையும் மறுத்தது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தார் ஊருக்குச் சென்று, எஞ்சியிருந்தோரின் சொற்களைக் கேட்டனர். அன்று மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த ஏ. நல்லசிவன் நீதிமன்றத்தை நாடினார். 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் வழக்கை ஒப்படைத்தது. குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர் 269 பேர். விசாரணை நடந்த காலத்தில் அவருள் 54 பேர் இறந்துபோயினர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அவருள் 17 பேர் பாலியல் வன்முறைக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டனர்.

மேல்முறையீட்டை விசாரித்த நீதியரசர் பி. வேல்முருகன், 2023இல் தாமே வாச்சாத்திக்குச் சென்று இடங்களைப் பார்வையிட்டு, மக்கள் கூறியதைக் கேட்டார். அவ்வாண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்கவும், அதிற் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து பெறவும் ஆணையிட்டார். வேலைவாய்ப்போ தொழில் உதவியோ அளிக்க வேண்டும் என்பதும் அவ்வாணையில் அடங்கும்.

முப்பத்தோராண்டுகள் அப்பெண்கள் தளர்ந்துவிடவில்லை. இளம்பெண்களாய் இருந்தவர்கள் நடுவயதைக் கடந்தனர். எத்தனை முறை, எத்தனை பேர் முன்னிலையில் அதே நாளை மீண்டும் மீண்டும் சொல்லியிருப்பார்கள் என எண்ணிப் பார்க்கையில் நெஞ்சு பதறுகிறது. அவர்கள் தனித்தனியாக நிற்கவில்லை. ஒருவர் சொல்லுக்கு மற்றவர் சான்றாக நின்றனர். உடன் நின்றோரும் இடையில் கைவிடவில்லை. அத்துணிவுக்கு இவையே வேர்.

மீட்சி எதனால்?

வாச்சாத்திக் கொடுமை நிகழ்ந்த அதே 1992இல், அமெரிக்க உளமருத்துவர் ஜூடித் ஹெர்மன், கொடுமைக்கு ஆளானோரின் மீட்சியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மீட்சியை மூன்று படிகளாக அவர் வகுத்தார். முதலாவது, பாதுகாப்பு. இரண்டாவது, நடந்ததை நினைவுகூர்ந்து அழுது தீர்த்தல். மூன்றாவது, வாழ்வோடும் மனிதரோடும் மீண்டும் இணைதல். 2023இல் வெளிவந்த பிறிதொரு நூலில் அவர், உயிர்தப்பியோர் நீதி என்று எதனை எண்ணுகின்றனர் என ஆராய்கிறார். குற்றவாளி தண்டனை பெறுவதினும், தம்மைச் சூழ்ந்த சமூகம் உண்மையை ஒப்புக்கொள்வதையே பலரும் பெரிதாக விழைகின்றனர் என்பது அவர் கண்ட முடிவு.

இது நம் ஊர்களுக்கும் பொருந்தும். மருத்துவம் வேண்டும், சட்டம் வேண்டும், வருவாய்க்கு வழி வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, சொல்வதை நம்பும் ஒரு செவி வேண்டும். 'ஏன் அங்கே போனாய்?', 'ஏன் அன்றே சொல்லவில்லை?' என்னும் கேள்விகள் புண்ணைக் கிளறுவன. அவள் எப்போது பேசுவது, யாரிடம் பேசுவது, பேசாதிருப்பது ஆகியவற்றை அவளே முடிவு செய்ய வேண்டும். மௌனத்தைக் கலைப்பது என்ற பெயரில் ஒருத்தியை வற்புறுத்திப் பேசவைப்பதும் அவள் விருப்பத்தை மீறுவதேயாகும்.

இக்கட்டுரையை எழுதுகிறவளும் அந்தப் பழைய மௌனத்தில் பங்குடையவளே. பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் மாணவி ஒருத்தி என் அறைக்கு வந்து, உறவினன் ஒருவனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அவள் முழுவதும் சொல்லி முடிக்குமுன்பே, "படிப்பைப் பாரம்மா, வெளியில் யாரிடமும் சொல்லாதே" என்றேன். அவள் நன்மைக்காகவே அவ்வாறு கூறியதாக நினைத்தேன். "சரிங்க அம்மா" என்று எழுந்து போனாள். அடுத்த பருவத்தில் அவள் கல்லூரிக்கு வரவில்லை. ஆய்வுக்காக நான் படித்த எந்த நூலும், அன்று சொல்லியிருக்க வேண்டிய ஒரு வாக்கியத்தை எனக்குக் கற்றுத் தரவில்லை. 'நீ சொல்வதை நம்புகிறேன். இதில் உன் தவறு ஏதும் இல்லை' என்பதே அது.

முடிவுரை

தேசாய்கஞ்சில் பேசியவள் ஒரு கூலிப்பெண். வாச்சாத்தியில் பேசியவர்கள் மலையடிவாரத்துப் பெண்கள். கற்றோராகிய நாம் அவர்களுக்குப் பின்னால்தான் வந்தோம். கவிஞர்கள் இனித் தம் வரிகளில் 'கற்பிழந்தாள்', 'கெட்டுப்போனாள்', 'கசங்கிய மலர்' என எழுதுமுன் சற்றே நின்று, அவ்வாக்கியத்தில் செய்தவன் எங்கே என்று தேட வேண்டும். அவனை எழுவாயாக மீண்டும் நிறுத்துவது நம் கையில் இருக்கும் சிறு நீதி.

அந்த மாணவி இப்போது எங்கிருக்கிறாளோ அறியேன். இம்மலர் என்றேனும் அவள் கைக்குக் கிட்டுமானால், அன்று பாதியில் நின்றுபோன அவள் சொல்லை இன்று முழுவதும் கேட்க அணியமாய் இருக்கிறேன் என்பதை இதன் வாயிலாகத் தெரிவித்து அமைகிறேன்.