எட்டு வயசு வாத்தியார்

ஆசிரியர் தினத்துல பெரிய வகுப்புப் பசங்கதான் வாத்தியார். பேருக்குத்தான் பள்ளிக்கூடம், மத்தபடி லீவு மாதிரி. ப்ளஸ் ஒன் படிக்கிறப்போ எனக்கு மாட்டினது ஏழாம் வகுப்பு. அன்னிக்கு நான் நடத்தினது பாடமில்லை, பஞ்சாயத்து!

செப்டம்பர் 5 கொண்டாட்டம் 1962ல், ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவரானப்போ வந்தது. ஆனா மாணவனே வாத்தியாராகிறது ரொம்பப் பழசு. 1789ல் சென்னை எழும்பூரில், வெள்ளைக்கார சிப்பாய்களோட அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை ஏத்துக்கிட்டவர் ஆண்ட்ரூ பெல்ங்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார். நம்மூர்ப் பிள்ளைங்க மணலில் விரலால் எழுதறதைப் பார்த்து, தன் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர் மசியலை. சரின்னு ஜான் ஃபிரிஸ்கன்ங்கிற எட்டு வயசுப் பையனை அரிச்சுவடி வகுப்புக்கு வாத்தியாராக்கிட்டார். பையன் சாதிச்சுக் காட்டினான்!

1797ல் பெல் இதை லண்டனில் புத்தகமாப் போட, 'மெட்ராஸ் முறை'ன்னு பேராச்சு. ஒரு வாத்தியார் சம்பளத்துல நூத்துக்கணக்கான பிள்ளைகள், இங்கிலாந்து விடுமா?

மணலுக்கு நம்மூரைச் சொன்ன பெல், மத்ததைத் தன் கண்டுபிடிப்புன்னார். இதுதான் எனக்கு இடிக்குது. நம்ம திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை எங்கே போனான்? 1623லேயே இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே, கர்நாடகத்து இக்கேரியில் வாத்தியாரே இல்லாம பிள்ளைங்க மணலில் எழுதிச் சேர்ந்து படிச்சதைப் பார்த்து எழுதி வச்சிருக்கார். பெல் பொறக்கவே அப்போ இன்னும் 130 வருஷம் இருந்தது.